தலைமாட்டில் ஒரு கதவு

எங்கள் கல்யாணத்துக்கு முப்பது வருஷம் ஆகிறதாம். மைசூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வாங்க என்று பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மூன்று ஓட்டல்களின் படங்களை, ரூம் பதிவு செய்யும் லிங்க்கோடு அனுப்பியிருந்தாள். தேர்ந்தெடுப்பது மட்டும் எங்கள் பொறுப்பு. நல்லம்பள்ளிச் சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் பொறுக்கவே அரை மணி நேரம் எடுப்பவர் என் வீட்டுக்காரர்.

முதல் ஓட்டலில் குளியலறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி. "இதுல மனுசன் எப்பிடிக் குளிக்கறது?" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது, மேஸ்திரி பாதியில் ஓடிப்போன வீடு மாதிரி, பூச்சே இல்லாமல் இருந்தது. மூன்றாவது அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. உள்ளே எல்லாம் புதுசு. கட்டிலின் தலைமாட்டில், அலங்காரத்துக்கு ஒரு பழைய மரக்கதவைப் படுக்கைவாட்டில் சுவரில் பதித்திருந்தார்கள்.

கதவின் மூலையில் ஒரு தகரத் துண்டு தெரிந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். எங்கள் பழைய வீட்டு வாசற்கதவில் எலி கடித்த இடத்தில், எண்ணெய் டின்னை வெட்டி நானே அடித்த தகரம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, ஆணியால் கிழித்த ஆறு கோடுகள்.

பொங்கலுக்குப் பொங்கல், கதவைக் கழுவி மஞ்சள் பூசும் முன்பு, எங்கள் மூத்தவனை அதில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் இவர் ஒரு கோடு போடுவார். ஏழு வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டான். மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது வீட்டை இடித்துக் கட்டினோம். கதவு எங்கே என்று கேட்டதற்கு, கரையான் அரித்துவிட்டது, விறகுக்குப் போய்விட்டது என்றார்.

புதுக் கதவு சத்தமே போடாது. ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அந்தப் பழைய கதவு கிரீச்சிடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சொன்னால், காத்து என்பார். நான்தான் பைத்தியம் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கரையான்னு சொன்னீங்களே?" என்றேன். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பழைய மரம் வாங்க வந்தவனுக்குக் குடுத்துட்டேன். தெனமும் அதத் தொறந்து மூட என்னால முடியல புள்ள."

"அந்தச் சத்தம் கேக்குதுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்!"

"எனக்குந்தான் கேக்கும்."

அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது? போனை என் கையிலிருந்து வாங்கி, அந்த அறையையே அழுத்தினார். எத்தனை பேர் என்று கேட்டது. பெரியவர்கள் இரண்டு என்று ஏற்கெனவே இருந்தது. குழந்தைகள் என்ற இடத்தில் பூஜ்யம். அவர் விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை ஒன்று ஆக்கினார். வயது கேட்டது. ஏழு என்று போட்டார்.

நான் திருத்தவில்லை.