இருபத்தாறு மைலும் ஒரு சிவப்பு விளக்கும்

காலை ஆறு இருபது. நான் வவுனியாவிலிருந்து இலண்டனுக்கு வந்த பதினோராம் நாள். செவன் கிங்ஸில் என் அக்கா சாந்தினியின் வீட்டு வாசலில், மாசிக் குளிரில், ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய ஜப்பான் காரொன்றின் முன்னால் நிற்கிறேன். பத்துப் பதினான்குக்கு அக்காவுக்கு டிரைவிங் டெஸ்ட். இடம் ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட, நகரத்தின் மறுகோடியில், இருபத்தாறு மைல் தள்ளி. இந்த ஊரில் டெஸ்டுக்கு ஒரு நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் கெயர் வேலை. பஸ்ஸில் ஏறி இறங்கி அவளுடைய முழங்கால் தேய்ந்துவிட்டது. மாதம் முடிவதற்குள் லைசென்ஸைக் காட்டினால் காரில் போகும் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். எழுத்துத் தேர்வின் செல்லுபடியும் அதே மாதத்தோடு முடிகிறது. அந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டித் தேறுவதற்கு அவள் நான்கு தடவை எழுத வேண்டியிருந்தது.

ஆறு நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தினார். இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்த அத்தான் பதினெட்டுப் பவுண்டுக்கு வாங்கி வைத்திருந்த, பற்றரிக்குப் பற்றரி மின்சாரம் கொடுக்கும் கேபிளை எடுத்தார். நான் அதைப் பறிக்காத குறையாக வாங்கினேன்.

"தம்பி, உனக்குத் தெரியுமோ?" என்று அக்கா கேட்டாள்.

"வவுனியாவிலை எத்தினை டிரக்டருக்குக் குடுத்தனான். விடுங்கோ அக்கா."

பற்றரியின் முனைகளில் வெள்ளைத் தூள் பூத்துக் கிடந்தது. கூட்டல் குறியும் தெரியவில்லை, கழித்தல் குறியும் தெரியவில்லை. ஒரு முனை சிவப்பாக இருந்தது. சிவப்பில் சிவப்பைக் கொடுத்தேன். படாரென்று ஒரு பொறி பறந்தது. பிறகு பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம்.

ஏழு பத்துக்கு ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மெக்கானிக் ஜெராட் வந்தார். மன்னார்க்காரர், அத்தானின் பழைய சிநேகிதர். டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அண்ணை, சிவப்பை எதிலை குடுத்தனீங்கள்?"

"சிவப்பாய் இருந்ததிலை."

அவர் விரலால் தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. "இது மைனஸ் முனை. உந்தச் சிவப்பு குங்குமமெல்லோ. ஆர் வச்சது?"

தேநீர்க் கோப்பையோடு நின்ற அக்கா மெல்லச் சொன்னாள். "நான்தான். நேற்றுக் கோயிலாலை வந்து வச்சனான். டெஸ்ட் நல்லபடியாய் முடியோணும் எண்டு."

"இல்லை அக்கா, நான் கண்ணாடி போடாமல் பாத்திட்டன்" என்றேன். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஜெராட் எரிந்துபோன மெயின் பியூஸைக் கழற்றிப் புதியதைப் போட்டார். சின்ன பியூஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மூன்றை மாற்றினார். இந்த முறை அவர் கையாலேயே கேபிளைக் கொடுத்தார், எஞ்சின் பிடித்தது. பற்றரியில் மீற்றரை வைத்தார். பதினான்கு வோல்ட், சார்ஜ் ஏறுகிறது. ஹோர்ன், வைப்பர், சிக்னல் எல்லாம் சரி. எனக்கு உயிர் வந்தது. ஆனால் டாஷ்போர்டில், மோதினால் விரியும் காற்றுப்பைக்கான எயார்பாக் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கணினியைச் செருகி அதை அணைத்தார். ஐந்து விநாடியில் திரும்பவும் எரிந்தது. மூன்று தடவை அணைத்தார், மூன்று தடவையும் எரிந்தது.

"கார் ஓடும். உந்த விளக்கு போகாது. எயார்பாக்கின்ரை கொன்ட்ரோல் பெட்டி செத்துப்போச்சு" என்றார். அறுபது பவுண்டு வாங்கினார், வாங்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டு ஐந்துக்குப் புறப்பட்டோம். அக்கா களைக்கக் கூடாதென்று அத்தான் ஓட்டினார். கான்ட்ஸ் ஹில், ரெட்பிரிட்ஜ், பிறகு நோர்த் சேர்குலர் சாலை. வடக்கு இலண்டனைச் சுற்றி வளைத்துப் போகும் இந்தச் சாலையில் பார்க்க ஒன்றுமில்லை. லொறிகளின் பின்புறமும் ஈரச் சுவர்களும்தான். அக்கா பார்த்ததெல்லாம் அந்த விளக்கைத்தான். நீஸ்டனுக்கு முன்னால் பெற்றோல் நிலையமொன்றில் அத்தான் எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தார். விளக்கு ஒரு கணம் அணைந்தது. அக்கா மூச்சைப் பிடித்தாள். பிறகு எரிந்தது.

"வேறை கார் ஒண்டும் எடுக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"இப்ப ஆரிட்டைக் கேக்கிறது" என்றார் அத்தான்.

பத்துப் பதினான்குக்குத் தேர்வாளர் வந்தார். மரியாதையான மனிதர். அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தார், கார் இலக்கத்தைத் தூர நின்று வாசிக்கச் சொன்னார், அவள் பிசகில்லாமல் வாசித்தாள். சாவியைத் திருப்பியதும் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தார். எச்சரிக்கை விளக்கு எரியும் காரில் தேர்வு நடத்த முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டிக் கெஞ்சினாள். அவர் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனார். எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. வவுனியாவில் என்றால் யாரையாவது பிடித்து, கையைக் காலைப் பிடித்து, ஏதாவது செய்திருப்பேன். இங்கே கோபித்துக்கொள்ளக்கூட ஒரு ஆள் இல்லை.

அக்கா டிரைவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. அத்தான் சற்று நின்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், காரை எடுத்தாள்.

இருபத்தாறு மைல். பழகிய டிரைவர்களே திக்குமுக்காடும் ஹாங்கர் லேன் சுற்றுவட்டத்தில் அவள் சரியான பாதையில் நுழைந்து சரியான பாதையில் வெளியே வந்தாள். ஒரு பிறேக் அதிகமாக மிதிக்கவில்லை, ஒரு சிக்னல் பிந்தவில்லை. குறித்துக்கொள்ளத்தான் ஒருவருமில்லை. பின் இருக்கையில் நான் சத்தமில்லாமல் அழுதேன்.

பன்னிரண்டு பத்துக்குச் செவன் கிங்ஸ். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்த இடத்துக்குள் ஒரே தடவையில் பின்னுக்கு எடுத்து நிறுத்தினாள்.

"வடிவாய் ஓடினனீர்" என்றார் அத்தான்.

அவள் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு முழங்காலைத் தடவியபடி கேட்டாள்.

"நாளைக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கு?"