மாப்பிள்ளை பொம்மைக்கு வந்த முகம்

இரண்டாயிரம் பிறந்த சமயம் ராணுவத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். முதல் வாரத்திலேயே என் மனைவி காய்கறி நறுக்கும் முறைக்குச் சில திருத்தங்கள் சொன்னேன். ஏற்கப்படவில்லை. ஆகவே அவள் பொம்மை செய்ய உட்கார்ந்தபோது எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

நிக்டியில் எங்கள் கீழ்வீட்டு மராத்தி அம்மாள் மகள் கல்யாணத்துக்காகக் கேட்ட பொம்மைகள் அவை. மராத்திக் கல்யாணத்தில் ருக்வத் என்று ஒரு வழக்கம். பெண்வீட்டார் கையால் செய்த பொருள்களை மண்டபத்தில் மேசை போட்டு அடுக்குவார்கள்; மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்வையிடுவார்கள். பார்வையிடுவது என்பது மரியாதைக்குச் சொல்வது. கொள்முதல் தரப்பு ஆய்வு என்பதே சரி. அந்த மேசைக்கு ஒரு மணமகளும் ஒரு மணமகனும் வேண்டும். அதுவரை என் மனைவி செய்த பொம்மைகளெல்லாம் எங்கள் வீட்டு அலமாரியைத் தாண்டியதில்லை.

"இது மட்டும் சொதப்பிச்சின்னா, இனிமே மண்ணையே தொடமாட்டேங்க" என்றாள்.

"சொதப்பாது. நான்தான் கூட இருக்கேனே."

"அதான் பயமா இருக்கு."

உடம்பு துணி, தலை களிமண். பிள்ளையார் செய்பவர்களிடம் வாங்கிய மண்ணைப் பிசைந்து, மூங்கில் குச்சியின் நுனியில் முகம் வனைந்து, காய்ந்ததும் குச்சியைப் பஞ்சடைத்த கழுத்தில் செருகித் தைக்க வேண்டும். மணமகள் குறையில்லாமல் அமைந்தாள். அன்று நான் மின்கட்டண வரிசையில் நின்றிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு முழுநேரமும் உடனிருந்தேன். நிஜ மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் அளவுப் படத்தைச் சுவரில் ஒட்டி, வெர்னியர் காலிப்பரால் அளந்து, மூக்குக்கும் நெற்றிக்கும் உள்ள விகிதத்தை எடுத்துச் சொன்னேன். மண் காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் விளக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் நிமிர்ந்து என்னை முறைத்தாள். பிறகு குனிந்து மண்ணை அழுத்தினாள். இந்தச் செயல்முறையில் இருந்த குறை என் கண்ணில் படவில்லை.

தலை மொட்டைமாடி நிழலில் காய்ந்தது. சுருக்கம் நான் சொன்னபடிதான். கன்னத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல். ஈரத்தில் இருபத்தைந்து வயதாக இருந்த மாப்பிள்ளை, காய்ந்ததும் பென்ஷனுக்குத் தகுதி பெற்றிருந்தார். அடுத்தவர் எதைச் சொன்னாலும் தப்பு என்று தொடங்கும் புருவம். வண்ணம் தீட்டியதும் சந்தேகம் தீர்ந்தது.

"என்னங்க, இது நீங்க" என்றாள்.

"விகிதமெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு. உங்க விகிதம்."

கல்யாணம் மறுநாள். புதுத் தலை காய நேரமில்லை. கறுப்புக் கம்பளி நூலில் முடி ஒட்டிப் பார்த்தாள். தலைக்கு மை பூசிக்கொண்ட பென்ஷன்காரன் ஆனேன். கீழ்வீட்டு அம்மாள் வந்து பார்த்தார். "அரே, இது அண்ணா!" என்று என்னைக் காட்டிச் சிரித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வஹினி, மாப்பிள்ளையோட அத்தை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்பாங்க. கிழவனை வெச்சுக் கேலி பண்றோம்னு நினைச்சா?" என்றார் இந்தியில். வஹினி என்றால் அண்ணி. என் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

என் மனைவி பொம்மையின் வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, வெப்போம். வர்றது வரட்டும்" என்றார்.

ஹடப்சர் மண்டபத்தில் லட்டுக் கோபுரத்துக்கும் பாசிமணித் துளசிமாடத்துக்கும் நடுவே பொம்மைகள் நின்றன. அத்தை வந்தார். மணமகளை எடுத்து, "கித்தி சான்!" என்று மராத்தியில் அழகைப் புகழ்ந்தார். அடுத்ததை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"இது யாரு? நம்ம பையனா?"

களிமண்ணின் ஈரப்பதத்திலிருந்து தொடங்கி விளக்கலாமென்று நான் தொண்டையைச் செருமினேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"பையன் இல்லீங்க, அவங்கப்பா. மருமகளைக் கூட்டிட்டுப் போக வந்து நிக்கிறாரு" என்றாள், தன் காய்கறிக்கடை இந்தியில்.

மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வட்ட முகம், சப்பை மூக்கு, தடித்த மீசை. என்னோடு எந்த அம்சமும் ஒத்துப்போகாதவர். பொம்மையை உற்றுப் பார்த்தார்.

"மீச்! மீச் ஆஹே!" என்று கூவினார், நானேதான் என்று. "மூக்கைப் பாரு, அப்படியே என் மூக்கு!"

"உனக்கு இவ்வளவு கூர்மூக்கு எப்ப முளைச்சுது?" என்றார் அத்தை. ஆனால் பொம்மையைப் பதமாக, இருந்த இடத்திலேயே வைத்தார். கீழ்வீட்டு அம்மாள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா என் மனைவியின் கையைப் பிடித்தார். "இவர் மட்டும் தனியா நின்னா எப்படி? நான் எங்க?"

"செஞ்சு தரேன். கொஞ்சம் நாள் குடுங்க, அவசரப்படாம செய்யணும்" என்றாள் அவள், ஆய்வுப் பிரிவைக் கலந்தாலோசிக்காமல்.

பந்தி போடும்வரை நான் அந்த மேசையோரமே நின்றேன். வந்தவர்கள் பொம்மையைப் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்கள், அச்சு அசல் என்றார்கள். ஒரு பெரியவர் பொம்மையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று, மறைக்காமல் சற்றுத் தள்ளி நிற்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.