ஒற்றைச் சக்கரத்துக்குச் சாட்சி

அந்த பைலட்டுக்குக் கிடைக்க வேண்டிய பதக்கம் கிடைக்காமல் போகப் பார்த்தது. காரணம் நான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். ஐப்பசிப் புயலில் ஆற்றுக்கரை உடைந்து தெருவில் மார்பளவு தண்ணீர். தளம் போட்ட வீடு என்னுடையது ஒன்றுதான். பதினொரு பேர் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் ஹெலிகாப்டர் வந்தது. ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் கரண்டு கம்பி. இறங்க இடமில்லை. கயிறு விட்டால் கம்பியில் சுற்றிக்கொள்ளும். அந்த பைலட் பக்கவாட்டில் வந்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு சக்கரத்தை மட்டும் வைத்தார். மற்றதெல்லாம் அந்தரத்தில். சுவர் கொஞ்சம் இடிந்தது. அவர் அசையவில்லை. பதினொரு பேரும் ஏறினோம். மன்னார்குடியில் இறக்கிவிட்டார்கள்.

தண்ணீர் வடிந்தது. பயிர் போனது போனதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஃபைலைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், என்ன கேட்டாலும், “எதுவும் வரலைங்க, யாரும் வரலைங்க” என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நிவாரணம் வந்தது என்று சொல்லிவிட்டால் அடுத்தது வராது. சேத விவரம் எழுதப் பல பேர் வந்துபோனார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னோம். சுவர் புயலில் விழுந்தது என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தை பிறந்தபின் ஒரு நாள் ஜீப் வந்தது. எங்கள் ஊர் வி.ஏ.ஓ. இறங்கினார். கூடவே ஃபைலோடு இன்னொருவர். சாதாரணச் சட்டைதான், ஆனால் நிமிர்ந்த நடை. தமிழில் பேசினார். வெள்ளத்தின்போது ஹெலிகாப்டர் வந்ததா என்று கேட்டார்.

என் கண் ஃபைலைப் பார்த்தது. வாய் தானாகப் பேசியது.

“வரலைங்க.”

பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்றிருந்தார். அவரும், “காக்கா கூட வரலைங்க” என்றார். அவர் அதில் எனக்கு முன்னால் ஏறியவர்.

மாடிச் சுவர் எப்படி இடிந்தது என்று வந்தவர் கேட்டார். புயல் என்றேன். எழுதிக்கொண்டு ஃபைலை மூடினார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் விமானப்படை ஆபீசர். அந்த பைலட்டைப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். ஒற்றைச் சக்கரத்தை வீட்டுச் சுவரில் வைத்து நிற்க முடியுமா என்று மேலே ஒருத்தருக்குச் சந்தேகம். நேரில் விசாரித்து வரச் சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

“வரவே இல்லைன்னு ஊரே சொல்லுது. நான் அதைத்தான் எழுதணும்” என்றார்.

எங்களை உயிரோடு கொண்டுபோய் இறக்கியவரைப் பொய்யராக்கிவிட்டேன்.

அவர் ஜீப்பில் கால் வைத்துவிட்டார். கொல்லையிலிருந்து என் பெண்டாட்டி வந்தாள். கையில் சாணி.

“சார், வந்துச்சு. நான்தான் கடைசியா ஏறுனேன். இவருக்கு ஃபைலைக் கண்டா பொய் வந்துரும்.”

ஆபீசர் நம்பவில்லை. “மெடல்னு சொன்னதும் வந்துருச்சாம்மா?” என்றார். நியாயமான கேள்விதான்.

வேறு வழியில்லை. அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். வி.ஏ.ஓ.வும் அவளும் பின்னால் வந்தார்கள். இடிந்த இடத்துக்குப் பக்கத்தில் சுவர்மேல் டயர் ரப்பர் கருப்பாக ஒட்டியிருந்தது. காட்டினேன். இடித்தது புயல் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். வி.ஏ.ஓ. பேனாவை எடுத்துச் சேதப் பட்டியலில் சுவர் என்று இருந்த வரியை அடித்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

ஆபீசர் டேப் வைத்து அளந்தார். படம் எடுத்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றது என்று கேட்டார். நான் கீழே இறங்கப் பார்த்தேன். எங்கள் வீட்டு மானம் அதில் இருந்தது.

அவளே சொன்னாள். எல்லோரும் ஏறியபின் இவள் ஏறாமல் எங்கள் வீட்டுக் கோழியைப் பிடிக்கப் போனாள். அது மேல்படியில் கவிழ்த்த கூடைக்குள் இருந்தது. கூடையைத் தூக்கியதும் ஓடியது. ஹெலிகாப்டர் வாசலில் நின்ற சிப்பாய் இந்தியில் கத்தினான். இவள் தமிழில் கத்தினாள். பிடித்து முந்தானையில் கட்டிய பிறகுதான் ஏறினாள்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். “அதே மாதிரி இப்பப் புடிங்க” என்றார்.

கோழியை மேல்படியில் விட்டு, கூடையைக் கவிழ்த்தோம். அவள் கூடையைத் தூக்கினாள். அது மாடி முழுக்க ஓடியது. குறுக்கே போன வி.ஏ.ஓ.வை ஆபீசர் தடுத்தார். “நீங்க அன்னைக்கு இல்ல” என்றார். அவள் பிடித்து, கட்டி, சுவர் ஓரம் வந்து நின்றாள்.

“ஏழு நிமிஷம்” என்றார் ஆபீசர். இடிந்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். “ஏழு நிமிஷம் ஒத்தச் சக்கரத்துலயா நின்னான்?”

உட்கார்ந்து எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். சாணி கொஞ்சம் ஒட்டியது.

பதக்கம் கொடுத்துவிட்டார்கள் என்று ஆடி மாதம் வி.ஏ.ஓ. வந்து சொன்னார். போனில் படம் காட்டினார். நெஞ்சில் பதக்கத்தோடு அந்த பைலட். அவள் உற்றுப் பார்த்தாள்.

“நான் சட்டுனு ஏறியிருந்தா இவருக்கு யாரு மெடல் குடுத்திருப்பா?”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து பட்டது போதும்.