மாயக்காளின் நிழல் மரங்கள்

அடுக்களைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். பித்தளைச் சொம்பு உருண்டுபோய்ச் சுவரில் மோதி நின்றது.

"பூனையா அக்கா?" என்றாள் தமிழ்மதி. பண்ணைக்காட்டு மலைக் காப்பியை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து வந்திருந்தாள்.

"பூனைதான் தாயி. மீசை வச்ச பூனை," என்றாள் மாயக்காள். உள்ளே பதுங்கியிருந்தது அவள் புருஷன் பாலு.

தமிழ்மதி கைப்பேசியை நீட்டினாள். செயற்கைக்கோள் எடுத்த படம். சுற்றிலும் பச்சை, நடுவே மாயக்காளின் தோட்டம் மட்டும் தீய்ந்த தோசைபோல.

"பூமி சூடாகுதுன்னு ஐரோப்பாவுல சட்டம் போட்டிருக்காங்க. காட்ட அழிச்ச எடத்துல வெளஞ்ச காப்பி உள்ள வரக் கூடாது. நான் நேர்ல பாத்துச் சரின்னு சொன்னாத்தான் உங்க காப்பி கப்பலேறும்."

"அவுக ஊரு சட்டம் இந்த மலைக்கு எப்படித் தாயி ஏறி வந்துச்சு?"

"உங்க காப்பி எறங்கிப் போற வழியிலதான்க்கா!"

மாயக்காள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது வெறும் கல்லுக்காடு. ஓடைத்தண்ணீரைக் குடம் குடமாய்ச் சுமந்து முள்முருங்கை வளர்த்து, அந்த நிழலில் காப்பிச் செடி வைத்தவள் அவள். மழைக்கு முன்பு நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது வழக்கம். இந்த வருஷம் பாதித் தோட்டம், அடுத்த வருஷம் மீதி. இந்தக் கோடையில் அவள் கால் சுளுக்கிப் படுத்திருந்தபோது, பாலு வெரசாக வேலையை முடிக்கிறேன் பேர்வழி என்று ஆள்விட்டு மொத்தத்தையும் மொட்டையடித்துவிட்டான். மகளைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அழாத மாயக்காள், அந்த மரங்களைப் பார்த்துக் குமுறிக் குமுறி அழுதாள். அந்தச் சமயம் பார்த்தா வானத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும்!

"பாதி வெட்ட வேண்டிய எடத்துல எம் புருஷன் மொத்தத்தையும் வெட்டுனது நெசந்தான். ஆனா கிளையத்தான், மரத்த இல்ல. நீயே வந்து பாரு தாயி."

இருவரும் தோட்டத்துக்கு ஏறினார்கள். மாதக்கணக்கில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடுவில் நின்று, தோட்டம் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் பதியப் பார்த்தாள் தமிழ்மதி. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்ன தாயி, கெடைக்கலையா?"

"செயற்கைக்கோள் சிக்னல் கெடைக்க மேல வானம் தெரியணும்க்கா. இங்க எல அடைச்சுக் கெடக்கே!"

சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். மொட்டையடித்த ஒவ்வொரு மரத்திலும் கொத்துக் கொத்தாய்த் துளிர், தலைக்கு மேல் பச்சைப் பந்தல். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மரமே இல்லேன்னு படம் காட்டுது, இங்க என்னடான்னா மரம் என் போன மறைக்குது! உங்க காப்பி கப்பலேறும்க்கா."

மாயக்காள் பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

துளிர்களைப் படமெடுத்து, வானம் தெரிந்த பாறை விளிம்பில் நின்று இடத்தையும் பதிந்தாள் தமிழ்மதி. வீடு திரும்பிக் காப்பி குடித்துவிட்டு எழுந்தவள், அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள். "பூனை அண்ணே! அடுத்த தடவ பாதிதான்!"

"சரிங்க மேடம்," என்றது பூனை.

தமிழ்மதியின் ஜீப் வளைவில் மறையும்வரை பார்த்து நின்ற மாயக்காள், வாசலில் கிடந்த அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பூனை பதுங்கிய வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.