உப்பில் ஊறாத வலை

டீச்சர், இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். பெயர் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

நேற்று நீங்கள் பாடம் நடத்தும்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கத்தினார்: "ஏரிக்காவல் முனுசாமி பூட்டாருங்க! மடையில ஆகாயத்தாமரைய இழுக்கறப்ப வேரு கால்ல சுத்தி முழுகிட்டாரு." நீங்கள் அழுதீர்கள். நான் அழவில்லை. அழுதால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயம்.

வேறு ஊர்த் தண்ணீரில் நனைந்த வலையை முனுசாமி மாமா நேராக நம் ஏரியில் இறக்க விட்டதில்லை. உப்புத் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

"இன்னா மாமா, மீனை வுட்டுட்டு வலைய கருவாடு போட்டுக்கினு கீற?" என்று மீன் பிடிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"சிரிங்கடா. ஆகாயத்தாமரை ஆகாயத்துலேர்ந்து வர்ல, வலையிலதான் வருது" என்பார்.

கார்த்திகையில் என் அப்பா மாகறல் ஊர் ஏரியில் மீன் பிடித்துவிட்டு ஈர வலையோடு திரும்பினார். தொட்டிக்கு உப்பு தீர்ந்திருந்தது. மாமா எங்கள் வாசலுக்கு வந்து ரெண்டு படி உப்பு கேட்டார். அம்மா அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள்.

"விளக்கு வெச்சப்புறம் உப்பு குடுத்தா வூட்டு லட்சுமி பூடும்ணே."

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் எங்கிருந்தோ உப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு மீன் பிடிக்கும் அவசரம். "வூட்டு உப்புலயே ராத்திரி ஊறப்போட்டாச்சு" என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

"நெஜமாம்மா? படிக்கிற புள்ள, நீ சொன்னா சரி."

அப்பா என் பின்னால் நின்றிருந்தார். நான் தலையாட்டினேன். அதை நம்பி மாமா வலையை விரித்துப் பார்க்கவில்லை. மழைநாள் வெயிலில் அரைகுறையாகக் காய்ந்து அது ஏரியில் இறங்கியது. மடிப்புக்குள் விரல் அளவு பச்சைச் செடி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை.

பங்குனிக்குள் ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. போன வாரம் கரையில் பார்த்தபோது மாமா சொன்னார்: "எப்டி வந்துச்சோ தெரியலம்மா. நாந்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டேன்."

நாளைக் காலை ஊர்க்கூட்டம். மாமா காவலில் தூங்கியதால்தான் ஏரி கெட்டது என்று சொல்லி, அவர் மனைவி அஞ்சலை அத்தையைக் காவல் வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லப் போகிறார்கள். முதல் ஆளாகப் பேசப்போவது என் அப்பா. "வாயத் தொறந்த, பள்ளிக்கூடத்த மறந்துடு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது வாசலுக்குக் குறுக்கே படுத்திருக்கிறார். அத்தைக்குப் போக வேறு இடம் கிடையாது. நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இந்தத் தாளைக் காட்டாமல் எப்படிச் சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் என்மேல் வைத்த நம்பிக்கை மட்டும்தான். அவர் எதையும் கோட்டை விடவில்லை, டீச்சர். வலை உப்பில் ஊறவே இல்லை. ஊறியது என்று தலையாட்டியது

கதவைத் தட்டுகிறார்கள்