ஒரு கட்டம் மேலே

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் கோடும் கட்டமுமாக எது வந்தாலும் அது என் இலாகா என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தேன். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கிடாரோடு என்னிடம் வந்து மாட்டியது அப்படித்தான்.

கடலூரை ஒட்டிய மீனவர் தெரு எங்களுடையது. வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போக, மாமா மட்டும் பாண்டிச்சேரியில் யாரோ விற்ற பழைய கிடாரை வாங்கிவந்து விரல் தேய மீட்டிக்கொண்டிருந்தார். அப்போது சிதம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கிடார் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. அவர்கள் ஒரு கேசட்டைக் கொடுத்து, பாட்டின் நடுவே கிடார் தனியாகத் துள்ளி வரும் ஒரு சின்னத் துண்டை ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். தாத்தாவும் தன் பங்குக்குக் கெடு வைத்தார்.

“இந்த தடவ அவுங்க எடுத்துக்கலன்னா, அத வித்துட்டு மரியாதையா என்கூட போட்டுல கடலுக்கு வந்துடணும்.”

மாமா ஒரே தந்தியில் மேலும் கீழும் ஓடி ஓடித் தேடினார். சுரங்கள் கிடைத்தன, வேகம் கிடைக்கவில்லை. புறப்பட்ட பஸ்ஸைத் துரத்துகிறவர்போல அவர் கை பாட்டுக்குப் பின்னாலேயே ஓடியது. டேப்பை நிறுத்தி நிறுத்தி ஓடவிடுவது என் வேலை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் பேட்டரியில்தான் ஓட்டினோம். தீரப்போகும் பேட்டரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும் என்பது எங்கள் தெருவே அறிந்த விஞ்ஞானம்.

“கடைசில எங்க வந்து உக்காருதுன்னு பாடிக் காட்டு பாப்பா,” என்றார் மாமா.

அந்தத் துண்டு முடிகிற சுரத்தை நான் முனகினேன். கிடாரின் கழுத்தில் கம்பி பதித்துப் பிரித்த இடங்களை நாங்கள் கட்டம் என்போம். தடித்த தந்தியில் நான்காவது கட்டத்தில் அந்தச் சுரம் இருந்தது. நான் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஆறு தந்திகளையும் கட்டங்களையும் வரைந்தேன். மாமா ஒரே தந்தியில் பிடித்த சுரங்கள் பக்கத்துத் தந்திகளில் எங்கே கிடைக்கின்றன என்று தேடவைத்து, கிடைத்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்தேன். கடைசியில் பார்த்தால் தந்திக்கு இரண்டே புள்ளிகள். ஒன்று எல்லாத் தந்தியிலும் அதே நான்காவது கட்டத்தில், மற்றது கொஞ்சம் தள்ளி. கை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

“அடிப்பாவி, நான் ஊரெல்லாம் சுத்திக்கினு கெடக்குறேன், எல்லாம் பக்கத்து வூட்லயே இருந்திருக்கு!”

அன்றே அந்தத் துண்டு அவர் கையில் துள்ளியது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்.

கீழவீதி பக்கம் ஒரு மாடியில் ஒத்திகை. சுருதிக் குழலை ஊதிப் பார்த்துத் தந்திகளைச் சரியாகவே முறுக்கிக்கொண்டார் மாமா. குழுவை நடத்திய மாஸ்டர் கீபோர்டில் பாட்டை எடுத்தார். மாமா கிடாரோடு உள்ளே சேர்ந்த நொடியில் ஹால் முழுக்க முகம் சுளித்தது.

“தம்பி, பாட்டு ஏ மைனர் சுருதில போவுது. நீ அரைக்கட்டை கீழ எங்க போற?” என்று நிறுத்தினார் மாஸ்டர். “டேப்புல பேட்டரி வீக்கா?”

“வெயில்ல வச்சிதான் மாஸ்டர் போட்டோம்.”

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். “பேட்டரியும் வடாம்னு நெனச்சிட்டாங்க போல!”

பேட்டரி சோர்ந்ததால் டேப் மெதுவாக ஓடி, பாட்டையே அரைக்கட்டை, அதாவது கிடாரில் ஒரு கட்டம், இறக்கியிருக்கிறது. மாமா என்னைப் பார்த்தார். தாத்தாவின் படகு அவர் கண்ணிலேயே தெரிந்தது. எனக்குத் தரையில் போட்ட புள்ளிகள்தான் தெரிந்தன.

“மாமா, எல்லாப் புள்ளியையும் ஒரு கட்டம் மேல தூக்கிக்க!” என்று கத்தினேன்.

விரல்களின் வடிவம் கலையாமல் கையை அப்படியே நகர்த்தினார். துண்டு பாட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் கைதட்டப் போனேன். மாஸ்டர் கீபோர்டில் வேறு சுருதிக்குப் போனார். மாமாவின் கை கூடவே போனது. மாஸ்டர் இறக்கினார், கையும் இறங்கியது. இப்படியே இழுத்தடித்துவிட்டு மாஸ்டர் சொன்னார், “ஆடி மாசம் பூரா கச்சேரி இருக்கு. வந்துடு.”

மேடையில் பாட்டின் சுருதியைத் தீர்மானிப்பது கேசட் இல்லை. அன்றன்றைக்குப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கும், இல்லையென்றால் கணீரென்று திறந்திருக்கும். அந்தத் தொண்டை எங்கே போனாலும் கூடப் போகிற கையைத்தான் மாஸ்டர் தேடியிருக்கிறார். எங்கள் பேட்டரி சரியாக ஓடியிருந்தால் மாமாவிடம் அப்படியொரு கை இருப்பது அவருக்கும், ஏன், மாமாவுக்குமே தெரிந்திருக்காது. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு புரிந்துகொண்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் தாத்தாவின் முன்னால் நின்று பெருமையும் கவலையுமாகச் சொன்னேன்: “மாமாவ எடுத்துக்கிட்டாங்க தாத்தா. ஆனா அந்த மாஸ்டரு பாவம், அவருக்கு எந்த சுருதின்னே தெரியல. மாத்தி மாத்தி வாசிக்கிறாரு. மாமாதான் அவரப் பாத்துக்கணும்.”