ஒரு காம்பு வற்றிய மாதம்

போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரேயொரு பசு நின்றது. நானே கறந்து ஒழுங்கையில் ஐந்து வீடுகளுக்குப் பால் கொடுத்துவந்தேன்.

ஒருநாள் காலை முன் வலக்காம்பைத் தொட்டதும் மாடு உதைத்தது. அதற்கு முன் ஒருபோதும் உதைக்காத மாடு. மடியின் அந்தப் பக்கம் கல்லாக இறுகி, கை சுடும்படி கொதித்தது. பால் தண்ணீராக வந்தது. அதற்குள் தயிர்போலத் திரிகள். வாளியோடு கழிவுநீர்க் கானில் ஊற்றினேன்.

முன்வீட்டுப் பெண் போத்தலோடு வந்தாள். அவளுடைய குழந்தைக்குப் பத்து மாதம்.

"மற்ற மூண்டு காம்பிலயும் நல்ல பால்தானே அக்கா? அதையாவது தாங்கோ."

"இல்லைப் பிள்ளை. சுகமில்லாத மாட்டின்ர பாலை நான் தரமாட்டன்."

"காய்ச்சித்தானே குடுக்கப்போறன்?"

"எண்டாலும் தரமாட்டன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பஸ் எடுத்து ஹெந்தளையில் இருந்த மாட்டு டொக்டரிடம் போனேன். மடிவீக்கம் என்றார். காம்புக்குள் செலுத்தும் மருந்துக் குழாய்கள் நான்கு தந்தார். பார்வைக்கு அவை ஊசியில்லாத சிரிஞ்சுகள். மருந்து முடிந்தும் சில நாட்களுக்கு நான்கு காம்புப் பாலையும் கொட்டவேண்டும் என்றார்.

திரும்பும்போது பாலத்துச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஓர் இராணுவச் சிப்பாய் என் பையைத் திறந்தான்.

"மேவா மொனவாத?" இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"எலதெனட்ட பெஹெத்." மாட்டுக்கு மருந்து என்றேன்.

என் அடையாள அட்டையில் நான் பிறந்த ஊரைப் பார்த்தான். யாழ்ப்பாணம். குழாய்களை மேசையில் வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னான். பஸ்ஸும் போய்விட்டது. மருந்தில்லாமல் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி வந்தால் தருவீர்களா என்று உடைந்த சிங்களத்தில் கேட்டேன். தலையசைத்தான். கொளுத்தும் வெயிலில் ஹெந்தளைக்கு நடந்தேன். டொக்டர் சிங்களத்தில் எழுதி முத்திரை குத்தித் தந்தார். நான் திரும்பி வந்தபோது சாவடியில் வேறொருவன் நின்றான். துண்டை இரண்டுமுறை வாசித்தான்.

"உதைக்குமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

காலில் நீலம் பாரித்திருந்த கண்டலைக் காட்டினேன். குழாய்களைப் பையில் போட்டுத் தந்தான்.

வெந்நீரில் உப்புப் போட்டு மடிக்கு ஒத்தடம் கொடுத்தேன். அந்தக் காம்பை ஒட்டக் கறந்து எறிந்துவிட்டு மருந்தைச் செலுத்தினேன். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி கறந்தேன். கை மரத்துப்போனது. மூன்றாம் நாள் சூடு இறங்கியது. நான்காம் நாள் மாடு படுத்து அசைபோட்டது.

கொட்டவேண்டிய நாட்களும் முடிந்து பால் தெளிந்தது. ஆனால் அந்த ஒரு காம்பு மட்டும் வற்றிப்போனது. மூன்று காம்புப் பால் ஐந்து வீட்டுக்குக் காணாது. குழந்தை இல்லாத இரண்டு வீடுகளுக்கு நேரில் போய், இனிப் பால் இல்லை என்று சொன்னேன். ஒருவர் கதவைச் சாத்தினார்.

மாட்டை விற்கச் சொன்னவர்கள் பலர். நான் விற்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி தெரிகிறதா என்று பார்த்த பிறகே வாளியை வைத்தேன்.